பழைய லேப்டாப்பை டிஜிட்டல் போட்டோ ஃபிரேமாக மாற்றும் முறை

விசைப்பலகையில் நாலு எழுத்துகள் வேலை செய்யாது, பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது, ஆனால் திரை மட்டும் பளிச்சென்று இருக்கும். அப்படிப்பட்ட லேப்டாப்தான் இந்த வேலைக்கு ஏற்றது. படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதற்கு வேகமான செயலியோ அதிக ரேமோ தேவையில்லை. திரையில் கோடுகள் விழுந்திருந்தால் மட்டும் அந்த லேப்டாப்பை விட்டுவிடுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே திருப்புளியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அது தவறு. எல்லா அமைப்புகளையும் முடித்து, லேப்டாப் ஒரு நாள் முழுவதும் யாரும் தொடாமலே படம் காட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிரிக்க வேண்டும். ஃபிரேமுக்குள் போனபின் ஒரு சின்ன அமைப்பை மாற்றுவதற்கும் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

முதல் படி: படங்கள்

திரையின் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அகலத் திரை கொண்ட பழைய லேப்டாப்புகள் பலவற்றில் அது 1366 × 768 பிக்சலாக இருக்கும். கேமராவில் எடுத்த 4000 × 3000 பிக்சல் படத்தை அந்தத் திரை முழுவதும் நிரப்பினால், உயரத்தில் நான்கில் ஒரு பங்கு வெட்டுப்படும். வெட்டுப்படுவது பெரும்பாலும் பின்வரிசையில் நிற்பவரின் தலையாகவே இருக்கும். ஆகவே எதை வெட்டுவது என்பதைக் கணினியிடம் விடாமல், ஒவ்வொரு படத்தையும் நீங்களே வெட்டி, திரையின் அளவுக்குச் சுருக்கிச் சேமியுங்கள். நெட்டுக்குத்தாக எடுத்த படங்களுக்கு இன்னொரு வழி உண்டு. 768 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கினால் அத்தகைய படத்தின் அகலம் 576 பிக்சல்தான் வரும் என்பதால், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக்கிவிடலாம். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும், ஆனால் ஃபிரேம் பார்க்க நன்றாக இருப்பதும் இல்லாததும் இதில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: அமைப்புகள்

விண்டோஸில் இருக்கும் ‘போட்டோஸ்’ ஸ்கிரீன்சேவரே போதுமானது. அதில் உங்கள் படக் கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, 1 நிமிடத்தில் தொடங்குமாறு வையுங்கள். பவர் அமைப்புகளில் திரை அணைவதையும் ஸ்லீப் நிலைக்குப் போவதையும் நிறுத்துங்கள். மூடியை மூடினால் எதுவும் செய்ய வேண்டாம் என்பதையும் மறக்காமல் தேர்ந்தெடுங்கள். இந்தக் கடைசி அமைப்பை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். மூடி மூடியிருப்பதை உணர்வதற்காகப் பல லேப்டாப்புகளில் திரைச் சட்டத்துக்குள் ஒரு சிறு காந்தம் இருக்கும். திரையை மடித்து ஃபிரேமில் பொருத்தியதும் அந்தக் காந்தம் உணரியின் அருகில் வந்து, ஆன் செய்த ஒவ்வொரு முறையும் லேப்டாப் உறங்கிப் போனது. காரணம் புரிவதற்குள் நான் ஃபிரேமை மூன்று முறை பிரித்துவிட்டேன்.

கடவுச்சொல் கேட்காமல் தானாக உள்நுழையுமாறு செய்துவிட்டு, வைஃபையை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. அப்படிப்பட்ட இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைப்பதைவிடப் பென் டிரைவில் படம் ஏற்றுவது நல்லது.

மூன்றாம் படி: பிரித்து மடித்தல்

சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ நெளிக்கவோ கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். இனி பேட்டரி வேண்டாம், சார்ஜரிலேயே ஓடட்டும். மிகப் பழைய லேப்டாப்புகளின் திரைக்குப் பின்னால் எல்இடி விளக்குக்குப் பதிலாக மெல்லிய குழல்விளக்கு இருக்கும். அதை எரிய வைக்கும் இன்வெர்ட்டர் பலகையில் பல நூறு வோல்ட் உருவாகும் என்பதால், மின்சாரம் இருக்கும்போது அந்தப் பகுதியில் கை வைக்கவே கூடாது.

கீல்களின் திருகுகளைக் கழற்றியதும், திரையின் முதுகு லேப்டாப்பின் அடிப்பக்கத்தை நோக்கி இருக்குமாறு, படம் வெளியே தெரியும்படி மடியுங்கள். விசைப்பலகை பின்புறம் வந்துவிடுவதால் அவசரத்துக்குப் பயன்படும். திரைக்குப் போகும் கேபிள் கீலை ஒட்டி வருகிறது. அது விறைத்து நின்றால் மேலும் மடிக்காமல், அதன் பாதையைத் தளர்த்திவிட்டுப் பிறகு தொடருங்கள். இணைப்பைக் கழற்ற நேர்ந்தால் கம்பியைப் பிடித்து இழுக்காமல், முனையின் இரு ஓரங்களையும் நகத்தால் மெல்ல மெல்ல நகர்த்தி எடுக்க வேண்டும்.

அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் இருக்கும். ஆகவே திரைக்கும் அடிப்பக்கத்துக்கும் இடையில் குறைந்தது 1 செ.மீ. இடைவெளி வருமாறு நான்கு மூலைகளிலும் மரத்துண்டுகளை வையுங்கள். வெப்பக் காற்று கீல் பக்கமாக வெளியேறும் மாடல் என்றால், அந்தப் பக்கம் மேலே வருமாறு நிறுத்தி, டிஸ்ப்ளே அமைப்பில் படத்தைத் தலைகீழாக்கிவிடலாம். பழைய திரைகளில் பலவற்றைக் கீழிருந்து பார்த்தால் நிறங்கள் கறுத்துத் தெரியும். தலைகீழாக நிறுத்தும்போது அந்தக் குறையும் ஓரளவு தீரும்.

நான்காம் படி: ஃபிரேம்

லேப்டாப்பின் கனத்தைவிட 2 செ.மீ. கூடுதல் ஆழமுள்ள பெட்டி ஃபிரேமாக எடுத்துக்கொள்ளுங்கள். திரையைச் சுற்றி ஓரமாக வரும் மவுண்ட் அட்டையில் வெட்டும் சாளரம், திரையின் ஒளிரும் பகுதியைவிட ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. சிறியதாக இருந்தால் திரையின் விளிம்பு மறைந்துவிடும். பின்பலகையில் பவர் பொத்தானுக்கும், சார்ஜருக்கும், யுஎஸ்பி துளைக்கும் திறப்பு விட்டு, மேலும் கீழும் காற்றுத் துளைகள் போடுங்கள்.

மாட்டியதும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பின்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் துளைகள் போதவில்லை. இரவு 10 மணிக்குத் தானாக அணையுமாறு குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு கட்டளை வைத்துவிடலாம். கண்ணாடியோடு சேர்ந்து எடை 3 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால், சுவரில் ஒற்றை ஆணியை நம்ப வேண்டாம். நான் அலமாரித் தட்டில் சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன்.