இதயத்துக்கு ஒட்டுப் போடும் ஆய்வு: விலங்குச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடுமையான மாரடைப்பில் இதயத் தசைச் செல்கள் நூறு கோடி வரை செத்துப்போகலாம். அந்த இடத்தில் புதுத் தசை வளர்வதில்லை, தழும்புதான் மிஞ்சுகிறது. அதனால்தான் பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து துடிக்கும் தசையை ஆய்வகத்தில் வளர்த்து, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல இதயத்தின் மேல் வைத்துத் தைத்துப் பார்க்கிறார்கள். முதலில் விலங்குகளில். இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர்களும் செய்தியாகப் படிப்பவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விலங்கின் இதயம் தேறிவிட்டது என்றால் வைத்த தசை துடித்து உதவியது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மாரடைப்புக்குப் பிறகு இதயச் சுவர் மெலிந்து வெளிப்பக்கமாக விரியும். அதன்மேல் எதை ஒட்டினாலும், உயிரே இல்லாத வலையாக இருந்தாலும், அந்த விரிவு கொஞ்சம் குறையலாம். செல்கள் சுரக்கும் பொருள்கள் புது இரத்தக் குழாய்களைத் தூண்டலாம். இரண்டிலுமே இதயம் பம்ப் செய்யும் அளவு கூடியதாக எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) தெரியும். எனவே வெறும் அறுவை சிகிச்சை மட்டும் செய்த குழு, செல் இல்லாத ஒட்டு வைத்த குழு, செல்களைச் சாகடித்த ஒட்டு வைத்த குழு என மூன்றும் ஒப்பீட்டுக்கு வேண்டும். செலவு கூடும் என்று இதில் ஒன்றை விடுவதைத்தான் நான் ஆகப் பெரிய தவறாக நினைக்கிறேன்.

அதோடு, தசை துடிப்பது வேறு, இதயத்தோடு சேர்ந்து துடிப்பது வேறு. சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு எலிகளில் இதை நேரடியாகவே பார்த்தது. கால்சியம் ஏறி இறங்கும்போது ஒளிரும் புரதத்தைச் செல்களில் வைத்துப் பார்த்தபோது, ஊசியால் இதயத் தசைக்குள் செலுத்திய செல்கள் எலியின் துடிப்போடு இணைந்திருந்தன. மேலே ஒட்டிய தசையோ தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. நடுவே தழும்புத் திசு தடுப்பாக நின்றது. மின் இணைப்பைச் சோதிக்காமல் ‘இணைந்துவிட்டது’ என்று எழுதக் கூடாது.

அடுத்தது விலங்கைத் தேர்ந்தெடுப்பது. எலியின் இதயம் நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் துடிக்கும். மனிதச் செல்கள் தாமாக எழுப்பும் மெதுவான துடிப்பு அந்த வேகத்தில் அமுங்கிப்போகும். அதனால் துடிப்பு சீர்குலையும் ஆபத்து இருந்தாலும் கண்ணில் படாது. இதே சியாட்டில் குழு ஊசி வழியாகச் செல்களைச் செலுத்திச் செய்த ஆய்வுகள் இதற்கு நல்ல பாடம். 2012-இல் கினிப் பன்றிகளில் (பெயர்தான் பன்றி, எலி போன்ற சிறு விலங்கு) துடிப்புக் கோளாறு குறைந்தே இருந்தது. 2014-இல் நூறு கோடி செல்களைப் பெற்ற குரங்குகளில் கோளாறு தோன்றியது. சரி, அதற்காக எலியை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டாம். செல்கள் பிழைக்கின்றனவா என்று பார்க்க எலி போதும். ஆனால் பாதுகாப்பானது என்று சொல்வதற்கு முன் பன்றி, குரங்கு போன்றவற்றில், இடைவிடாத ஈ.சி.ஜி. பதிவோடு பார்த்திருக்க வேண்டும்.

அளவும் ஏமாற்றும். இரத்தக் குழாய் எட்டாத திசுவில் ஆக்சிஜன் 0.1 – 0.2 மி.மீ. ஆழம்தான் ஊடுருவும். அதனால் ஒட்டைத் தடிமனாக்குவது கடினம். எலிக்குப் போதுமான மெல்லிய ஒட்டு, ஏறக்குறைய 1 செ.மீ. தடிமனுள்ள மனித இதயச் சுவருக்குக் காகிதம் மாதிரி.

எப்போது வைக்கிறோம் என்பதும் முக்கியம். மாரடைப்பு வந்த சில நாள்களில் செல்களைச் செலுத்தினால் எலிகளில் பலன் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துச் செலுத்தியபோது செல்கள் பிழைத்தும் இதயம் தேறவில்லை. சிகிச்சை தேவைப்படும் மனிதர்களில் பலருக்கு இருப்பதோ பழைய தழும்பு.

எதிர்ப்புச் சக்தியை மறப்பதும் சகஜம். எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளில் மனிதச் செல்கள் தங்குவதை வைத்து, வைத்த செல்களை உடல் அந்நியமாகக் கருதித் தாக்கும் நிராகரிப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு, 2025-இல் வெளியிட்ட ஆய்வில், ரீசஸ் குரங்குகளுக்கு அதே இனத்தின் செல்களால் ஆன ஒட்டை எதிர்ப்பை அடக்கும் மருந்தோடு வைத்து, ஆறு மாதம் வரை கவனித்தது இதனால்தான்.

அப்புறம், செத்த விலங்குகளின் கணக்கு. இதயக் குழாயைக் கட்டி மாரடைப்பு உண்டாக்கும்போதே சில இறந்துவிடும். பிறகும் சில இறக்கும். அவற்றைச் சொல்லாமல் விட்டால், வலுவானவை மட்டும் மிஞ்சி முடிவு அழகாகத் தெரியும். 2010-இல் வந்து 2020-இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் (ARRIVE) வழிகாட்டிகள், அதாவது விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்பவை, இவை எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதச் சொல்கின்றன. எந்த விலங்கு எந்தக் குழு என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்யுங்கள், எக்கோ பார்ப்பவருக்கு அதைச் சொல்லாதீர்கள். வடிவமைப்பு சரியில்லாத சோதனையில் ஓர் உயிர் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கடைசியாக, வெற்றியைக் கூட்டிச் சொல்வது. அதே கோட்டிங்கன் ஆய்வில் முற்றிய இதயச் செயலிழப்பு உள்ள ஒரு பெண்ணுக்கும் ஒட்டு வைக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து மாற்று இதயம் கிடைத்தபோது, எடுக்கப்பட்ட பழைய இதயத்தில் ஒட்டிய தசை உயிரோடு இருந்தது. தசை தங்கியதற்கு அது சான்று. நோய் குணமானதற்கு அல்ல.