எஞ்சின் தூக்க ஒரு தொன் புளொக் போதுமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் இரண்டு இளைஞர்கள் மொறிஸ் மைனர் கார் ஒன்றின் எஞ்சினைத் தூக்க ஆயத்தமாக நின்றார்கள். "அண்ணை, ஒரு தொன் செயின் புளொக் எடுத்து வந்திருக்கிறோம். எஞ்சின் 150 கிலோ கூட வராது. பயமில்லை" என்றான் மூத்தவன். கைச்சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் அந்தப் புளொக் நல்லதுதான். என் கண் போனது எஞ்சினில் சங்கிலியைப் பிடித்திருந்த போல்டின் மேல். அது அடிவரை இறங்கவில்லை. போல்டின் தலைக்கும் இரும்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும். பதினெட்டு வருடங்களுக்கு முன் கொக்குவிலில் நான் செய்த அதே பிழை.

பற்றறியைக் கழற்றுவது, தண்ணீரை வடிப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. தூக்கும் சாமான்களைத் தெரிவு செய்வதில் நடக்கும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

போல்டை யாரும் விசாரிப்பதில்லை

கடைக்குப் போகிறவர்கள் புளொக் எத்தனை தொன் என்று கேட்கிறார்கள், விலை பேசுகிறார்கள், கொக்கியை ஆட்டிப் பார்க்கிறார்கள். அந்த எஞ்சின் முழுவதும் தொங்கப்போகும் இரண்டு போல்டுகளை மட்டும் பழைய பால்மா டின்னுக்குள் கைவிட்டுத் துழாவி எடுக்கிறார்கள். இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி நம்மைக் காப்பாற்றிய பிரித்தானியக் கார்களில் போல்டின் மரை அங்குலக் கணக்கில் இருக்கும். டின்னுக்குள் கிடப்பவையோ பெரும்பாலும் ஜப்பான் வாகனங்களின் மில்லிமீற்றர் போல்டுகள். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. அதன் பக்கத்தில் 8 மி.மீ. போல்டை வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மரையின் இடைவெளி வேறு. இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போகும், பிறகு இறுகும். ஸ்பானரைப் பிடித்திருக்கும் கைக்கு அது முழுதாக இறுகிவிட்டது போலவே தோன்றும். அன்று கொக்குவிலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கியர்பொக்ஸோடு சேர்த்துத் தூக்கினோம். இரண்டடி உயர்ந்திருக்கும், ஒரு பக்கப் போல்ட் மரையை உரித்துக்கொண்டு வெளியே வந்தது. என் மச்சான் அதற்குச் சற்று முன்புதான் அடியில் இருந்த கையை எடுத்திருந்தார். கியர்பொக்ஸின் அலுமினியக் கூடு சீமெந்துத் தரையில் அடித்து வெடித்தது. அதே கூட்டைத் தேடிச் சுன்னாகம், மானிப்பாய், கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தை என்று ஏழு மாதம் அலைந்தேன்.

போல்டைக் கையால் மட்டும் திருகிப் பாருங்கள். அடிவரை கையாலேயே போகவேண்டும். வழியில் இறுகினால் அது அந்தத் துளையின் போல்ட் அல்ல. வார்ப்பிரும்பில் போல்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே இறங்கவேண்டும்; அலுமினியத்தில் இரண்டு மடங்கு. மில்லிமீற்றர் போல்ட் என்றால் தலையில் பலத்தைக் குறிக்கும் 8.8 அல்லது 10.9 என்ற எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாததை வேலியடைக்க வைத்துக்கொள்ளுங்கள். போல்டின் தலை, தடித்த வாசர், சங்கிலி வளையம், எஞ்சின் நான்கும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கவேண்டும். வளையம் சற்று விலகி நின்றாலும் சங்கிலி போல்டை வளைக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது சங்கிலியின் நீளம். குட்டைச் சங்கிலியைப் போட்டால் அது எஞ்சினுக்கு மேலே கூரைபோலத் தட்டையாக விரிந்து நிற்கும். 150 கிலோ எஞ்சினில் சங்கிலியின் இரண்டு கால்களும் கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 87 கிலோ இழுக்கும். 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றும் முழு 150 கிலோ இழுக்கும், அதுவும் போல்டைப் பக்கவாட்டில். உயரம் போதாமல்தான் சங்கிலியைக் குட்டையாக்குகிறார்கள். அப்படியானால் புளொக்கைத் தொங்கவிடும் இடத்தை உயர்த்துங்கள், அல்லது சங்கிலியின் இரண்டு கால்களையும் விரித்துப் பிடிக்க நடுவே ஓர் இரும்புச் சட்டத்தை வையுங்கள்.

சில ஜப்பான் எஞ்சின்களில் தூக்குவதற்கென்றே கொளுக்கிகள் பூட்டியிருக்கும். அவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

படலைச் சங்கிலி

தூக்குவதற்குச் செய்த சங்கிலியின் வளையங்களில் தரத்தைக் குறிக்கப் பெரும்பாலும் 8 அல்லது 80 என்று பொறித்திருக்கும். படலை பூட்டும் சங்கிலியில் ஒன்றும் இராது. அது படலைக்கே போதும்.

கிணற்றுக் கப்பியும் கயிறும்

வேண்டாம். கை நழுவினால் எஞ்சின் விழும். செயின் புளொக்கில் கைச்சங்கிலியை விட்டாலும் உள்ளே இருக்கும் பிரேக் பாரத்தைப் பிடித்து நிறுத்தும்.

மாமரமும் தீராந்தியும்

புளொக்கைத் தொங்கவிட இவை இரண்டும் வேண்டாம். போர்டிகோவின் தீராந்தியை, அதாவது கூரை தாங்கும் உத்தரத்தை, ஓட்டின் பாரத்துக்குக் கணக்குப் பார்த்துப் போட்டார்கள். நடுவில் ஒரே இடத்தில் தொங்கும் எஞ்சினை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மாமரக் கிளை உள்ளே உக்கியிருப்பது வெளியே தெரியாது. முக்காலிச் சட்டத்தை வாடகைக்கு எடுங்கள். அதன் கால்கள் சீமெந்துத் தரையில் வழுக்கி விரியாமல் இருக்க மூன்றையும் அடியில் சங்கிலியால் சேர்த்துக் கட்டவேண்டும்.

மடக்குக் கிரேன்

அதில் எழுதியிருக்கும் 2 தொன், கிரேனின் நீளும் கையை முழுதாக உள்ளே தள்ளியிருக்கும் நிலைக்கு உரியது. கையை வெளியே இழுக்க இழுக்கத் தூக்கும் அளவு குறையும். வழக்கமான கிரேன்களில் கையைப் பூட்டும் கடைசித் துளையில் அரைத் தொன்தான். எஞ்சினை எட்டும் துளை எது என்று முதலில் பாருங்கள், அந்தத் துளைக்குரிய எண்ணை வாசியுங்கள். மணல் முற்றத்தில் அதன் சில்லுகள் புதையும்; தடித்த பலகை போடாமல் உருட்டாதீர்கள்.

இறக்கும் இடம்

தூக்குவதற்கு முன்பே ஆயத்தம் செய்யுங்கள். பெரிய பழைய ரயர் ஒன்று போதும். முதலில் ஐந்து சென்றிமீற்றர் மட்டும் உயர்த்தி, நிறுத்தி, இரண்டு போல்டுகளையும் பாருங்கள். தலை சாய்ந்திருந்தால் இறக்கிவிடுங்கள். அந்தத் திருநெல்வேலி வீட்டில் சரியான போல்ட் வாங்கத் தம்பி ஸ்ரான்லி வீதிக்குச் சைக்கிளில் போனான். அவன் வருவதற்குள் மூத்தவனை அனுப்பிப் பக்கத்து வீட்டில் ஒரு ரயர் வாங்கினேன்.