உங்கள் பகுதியின் தெருக்கள் சேர்கின்றனவா? எண்ணிப் பாருங்கள்

மனைப்பிரிவு வரைபடம் போடுவது என் வேலை. ஊர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று மற்றவர்கள் கேட்கும்போது, புதிய தெருக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று நான் பார்ப்பேன். கட்டடத்தை இடித்துக் கட்டலாம். மனை விற்று மதில் எழும்பிவிட்டால் தெருவை மாற்றுவது லேசில் நடக்காது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் ஒரே அளவுள்ள இரண்டு பகுதிகளை அச்செடுங்கள்: ஒன்று பழைய நகரம், ஒன்று புறநகர். முட்டுச்சந்துக்குச் சிவப்புப் புள்ளி. மூன்று தெருவோ அதற்கு மேலோ கூடும் இடத்துக்கு நீலப் புள்ளி. வெறும் திருப்பத்துக்குப் புள்ளி வேண்டாம். அப்புறம், புள்ளிகளுக்கு இடையே உள்ள தெருத் துண்டுகளை எண்ணி, மொத்தப் புள்ளிகளால் வகுங்கள். 1.4 அல்லது அதற்கு மேல் வந்தால் இணைப்பு பரவாயில்லை என்று திட்டமிடுவோர் பலர் கொள்வார்கள்.

ஒரு பிரதான சாலையின் ஒரே பக்கம் ஐந்து முட்டுச்சந்துகள் என்று வையுங்கள். புள்ளி 10, அவற்றுக்கு இடையே துண்டு 9. விடை 0.9. அந்த ஐந்தின் கடைசியையும் பின்னால் ஒரே குறுக்குத் தெருவால் சேர்த்தால் ஓரத்து இரண்டும் வெறும் திருப்பமாகிவிடும். புள்ளி 8, துண்டு 11. விடை சுமார் 1.4. ஒரே ஒரு தெரு செய்கிற வேலை இது!

அடுத்து, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகளை எடுத்து, நடந்து போகும் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். பெரும்பாலும் மலைத்துப் போவீர்கள். சீரான கட்டத் தெருக்களில் சந்திப்புக்குச் சந்திப்பு இது 1.41ஐத் தாண்டாது. அதை வெகுவாகத் தாண்டுகிற இடத்தில் பக்கத்துக் கடைக்கும் வண்டி எடுக்கத் தோன்றும்.

போக்கு தெரிய, கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஒவ்வொரு பகுதியும் எப்போது முளைத்தது என்று பார்த்து, காலவாரியாக விடைகளை அடுக்குங்கள். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் புதிய தெருக்கள் துண்டுபட்டுக் கிடப்பது 1990களின் நடுவில் உச்சம் தொட்டுப் பிறகு குறைந்தது. ஆக, போக்கைத் திருப்ப முடியும்.

எண்கள் கைக்கு வந்ததும், அனுமதிக்குக் காத்திருக்கும் மனைப்பிரிவுகளின் எல்லைக்கோட்டைப் பாருங்கள். பக்கத்து நிலத்தைத் தொடும் தெரு மதிலில் முடிந்தால், அங்கே வழி விடச் சொல்லி எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வண்டிக்கு முடியாதென்றால் நடைபாதையாவது கேளுங்கள்.