ஐஸ் டீயும் சர்க்கரையும்: அமெரிக்கத் தெற்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் விருந்துச் சமையலுக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே வரிசை பிசகாமல் செய்கிறார்கள். தேயிலையைக் கொதிக்கவிட்டுக் கசக்க வைப்பதெல்லாம் தானாகத் திருந்திவிடும். திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆறிய தேநீருக்குப் பக்கத்தில் சர்க்கரையை வைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. வடக்கே பாஸ்டனில் ஐஸ் டீ கேட்டால் பெரும்பாலும் சர்க்கரை இல்லாமல்தான் வரும். வேண்டியவர் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுக்கொள்வார். ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் வெறுமனே 'டீ' என்று கேட்டாலே, சூட்டிலேயே சர்க்கரை கரைத்து ஆறவைத்த ஸ்வீட் டீதான்.

ஜார்ஜியாவில் ஒரு திருமண விருந்து. வடக்கிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்ளட்டும் என்று தேநீர் முழுவதையும் இனிப்பில்லாமல் தயாரித்து, மேசைக்கு மேசை சர்க்கரைக் கிண்ணம் வைத்துவிட்டார். விருந்தினர்கள் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். குவளையின் அடியில் சர்க்கரை படிந்து கிடந்தது; மேலே துவர்ப்பு, கடைசி வாயில் நறநறப்பு. மணமகளின் பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைத் தள்ளி வைத்தார். மிச்சத்தைக் கலன் கலனாகக் கொட்டினோம். அந்தக் குடும்பம் பிறகு எங்களை அழைக்கவே இல்லை.

ஐஸ் மிதக்கும் தேநீரில் சர்க்கரை எளிதில் கரையாது. போதாக்குறைக்கு, குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். ஐஸ் உருகினால் இன்னும் நீர்த்துப்போகும். அதனால் சூடாக இருக்கும்போது சுவை பார்த்து, 'இது போதும்' என்று தோன்றும் இடத்தில் நிறுத்தாதீர்கள். சற்றுத் திகட்ட வேண்டும். ஒரு கேலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, ஒரு கப் சர்க்கரை (200 கிராம்) மிதமான அளவு. இரண்டு கப் போடும் வீடுகளும் உண்டு. அது ஏறக்குறைய கோலாவின் இனிப்பு.

தவறு நடந்துவிட்டால் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சிய பாகை வையுங்கள். அது குளிரிலும் கலக்கும்.

தெற்கு முழுவதும் ஒரே நாக்கு என்று எண்ணுவது

டெக்சாஸில் இனிப்பில்லாத ஐஸ் டீ குடிப்பவர்கள் ஏராளம். வர்ஜீனியாவிலோ வடக்கே போகப் போக இனிப்பு குறைந்துகொண்டே வரும். இரண்டு கலன்கள் வைத்து, எது எது என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரண்டையும் கலந்து 'பாதிக்குப் பாதி' கேட்பவர்களுக்கும் அதுவே வசதி. போட்ட சர்க்கரையைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதால், சந்தேகம் வந்தால் இனிப்பில்லாததைக் கூடுதலாகத் தயாரித்துப் பாகைக் கையில் வைத்திருங்கள்.

சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைப்பது

கலங்கிவிடும். கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் தெளியும்.

எலுமிச்சை

தனித் தட்டில் வையுங்கள்.

நேற்றைய தேநீர்

கொட்டிவிடுங்கள்.