கூர் நகரின் இலையுதிர் காலமும் நம் ஊர்க் கச்சான் காற்றும்

மட்டக்களப்பிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ சுவிட்சர்லாந்தின் கூர் நகருக்கு வந்து சேர்பவர்களை முதலில் திணறவைப்பது ஒக்டோபர் மாதம். ஊரில் அது மாரி தொடங்கும் காலம். வானம் கறுத்தால் மழை என்று நமக்குத் தெரியும். இங்கே காலையில் கையுறை வேண்டும். மதியம் மேலங்கியைக் கழற்றிக் கையில் சுமப்பீர்கள். மறுநாள் விழித்தால் எதிர்மலை பாதிவரை வெளுத்து நிற்கும்.

இந்தத் திடீர் வெப்பத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஃபோன் என்ற காற்று. பெயர் புதிது, ஆள் பழையவர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கமிருந்து கச்சானாக வந்து நம் உதடுகளை வெடிக்கவைக்கிறதே, அதே கதைதான். அல்ப்ஸ் மலையின் தென்புறத்தில் ஈரத்தை இறக்கிவிட்டு வடபுறம் இறங்கும் காற்று, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பாகை சூடேறுகிறது. ஆனால் கச்சான் மாதக்கணக்கில் வீசும். இது சில மணி நேரமோ சில நாட்களோதான். ஓய்ந்ததும் குளிர் மளமளவென்று இறங்கும். ஆகவே மதிய வெயிலை நம்பிக் குளிர்ச்சட்டையை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். அந்தக் காற்றில் வெளியே நெருப்பு மூட்டவும் வேண்டாம். 1861இல் கிளாருஸ் நகரின் பெரும்பகுதியை எரித்த தீயை ஊதிப் பெருக்கியது இதே காற்றுதான். பக்கத்து மையன்ஃபெல்ட் விவசாயிகளோ இதைத் ‘திராட்சையை வேகவைப்பவன்’ என்று கொண்டாடுகிறார்கள்.

பகல் குறுகி இரவு குளிரும்போது இலையின் பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. ஊரில் வாதுமை இலை சிவந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள்; இங்கே மலைச்சரிவு முழுவதும் நிறம் மாறும். எனக்கு மிகவும் பிடித்தது லார்ச். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்ப்பது. உதிரும் முன் பொன்னாகிவிடும். அதைக் காண, கூரிலிருந்து சென் மோரிட்ஸ் செல்லும் சிவப்பு ரயிலில் ஏறுங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். முதல் ஆண்டு வேலை, வீடு என்றே இருந்து அதைத் தவறவிட்டேன், இன்றும் வருத்தம்தான்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள்; மாலை சீக்கிரமே இருட்டிவிடும். பள்ளத்தாக்கில் வெயிலை மலை முந்திக்கொண்டு மறைக்கும். எனவே லார்ச் பார்க்கக் காலையிலேயே புறப்படுங்கள். ஒரு பலத்த காற்று போதும், பொன் ஊசிகள் உதிரத் தொடங்கிவிடும். வானம் தெளிந்த நாள் அமைந்தால், லீவு எடுத்தாவது போய்விடுங்கள்.