டிராக் டேக்குப் போகும் முன் பிரேக்கில் செய்யக் கூடாத தவறுகள்

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கத்தில் வரும் அந்தக் கருகல் வாசனை பழக்கமானது. முன்னால் ஒரு பார லாரி இறங்கும். சக்கரத்தைச் சுற்றி மெல்லிய புகை வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வாசனை காருக்குள் வந்துவிடும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிற வண்டி அது. சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். அழுத்த அழுத்த இன்னும் சூடு ஏறும்.

ரேஸ் டிராக்கில் நம் சின்னக் காருக்கும் இதுவே நடக்கிறது, பத்தே நிமிடத்தில்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஸ்விஃப்ட், போலோ, ஐ20 வைத்திருக்கும் தம்பிகள் பலருக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறையாவது டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசை. அப்படிச் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாளைத்தான் டிராக் டே என்கிறோம். நல்ல ஆசை. ஊர் ரோட்டிலும் மலைப்பாதையிலும் வேகம் காட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். நமக்கு இருப்பவை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கும், கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வேயும். எதற்குப் போனாலும் 200 கிலோமீட்டருக்கு மேல். காரை டிரக்கில் ஏற்றிக்கொண்டா போகப் போகிறோம்? அதே காரில் போய், அதிலேயே ஓட்டி, அதிலேயே வீடு திரும்பி, திங்கட்கிழமை காலை வேலைக்கும் போக வேண்டும். பிரேக்குக்கு எதை வாங்குவதானாலும் இதை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, பெரிய டிஸ்க் போட எவ்வளவு ஆகும்?" முதல் தவறே அந்தக் கேள்விதான். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. காலிப்பர் என்ற கவ்வி, பேடு என்ற உராய்வுத் துண்டுகளை அதன் இரு பக்கமும் அழுத்தும்போதுதான் வண்டி நிற்கிறது. ஊருக்குள் உங்கள் காரை நிறுத்துவதற்குக் கம்பெனி பிரேக்கே தாராளமாகப் போதும். ஒரு முறை அழுத்தி ஏபிஎஸ்ஸை (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பை) வேலை செய்ய வைக்க முடிகிறது என்றால், டயர் தாங்கும் அளவுக்குப் பிரேக் பிடிக்கிறது என்றுதான் பொருள். டிராக்கில் வருகிற சிக்கல் வேறு. அதே பிரேக்கைத் திரும்பத் திரும்ப, ஆறவிடாமல் கேட்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடுகிற வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சிக்னலில் நிற்கும்போது பிரேக்கில் சேரும் சூட்டைவிட, நேர்பாதை முடிவில் 140இலிருந்து 60க்குக் குறைக்கும்போது சேரும் சூடு நாலு மடங்குக்கும் அதிகம். 1,100 கிலோ எடையுள்ள காரில் அந்த ஒரே அழுத்தல் முன்பக்க டிஸ்க் ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 100 டிகிரி சூடாக்கிவிடும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும்.

இந்தச் சூடு முதலில் போய்த் தாக்குவது பிரேக் ஆயிலை. நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான். முதல் முறை டிராக்குக்குப் போனபோது நல்ல பேடாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, ஆயிலைத் தொடாமல் போனேன். மூன்று சுற்று வரை அருமையாகப் பிடித்தது. நாலாவது சுற்றில், நேர்பாதை முடியும் இடத்தில் அழுத்தினால், பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. பஞ்சில் கால் வைத்த மாதிரி கீழே போய்க்கொண்டே இருந்தது. காலை எடுத்து இரண்டு முறை வேகமாக மிதித்த பிறகுதான் பிடித்தது. அந்த ஒரு நொடி இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. அப்புறம் பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றினேன். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். என்னுடையது வரக்காப்பி நிறத்தில் இருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்று எழுதிய புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தால் 140. காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். டிராக்குக்குப் போவதற்கு ஓரிரு வாரம் முன்பு நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயிலை முழுக்க மாற்றுங்கள். செலவோடு ஒப்பிட்டால் இதைவிடப் பலன் தருகிற வேலை வேறு எதுவும் இல்லை.

இதிலும் மூன்று இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பட்டறை அலமாரியில் பாதி மீதமிருக்கும் டப்பா. சீல் உடைத்த நாளிலிருந்தே அது ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கண் முன்னால் சீல் உடைத்த டப்பாவிலிருந்துதான் ஊற்ற வேண்டும். இரண்டு, டாட் 5. எண்ணைப் பார்த்து 5.1க்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அது சிலிக்கான் வகை, மற்றதோடு கலக்கவே கூடாது, ஏபிஎஸ் உள்ள நம் கார்களுக்கு ஆகாது. மூன்று, ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும்போது, பெடலைத் தரை வரை மிதிப்பது. பழைய காரில், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். ரப்பர் சீல் அதன் மேல் ஓடினால் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பேடு. இதில் ஆசை அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. "ரேஸ் பேடு" என்று போட்டிருப்பதை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில ரேஸ் பேடுகள் 200 டிகிரி தாண்டிச் சூடானால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். மார்கழிக் காலையில் ஓசூர்ப் பனியில் வண்டியை எடுத்து, முதல் தெருமுனையில் ஒரு மாடு குறுக்கே வந்தால்? குளிர்ந்த ரேஸ் பேடு மரக்கட்டை மாதிரி வழுக்கும். டிஸ்க்கையும் தின்னும், கீச்சென்று கத்தும், அலாய் வீலெல்லாம் கருந்தூள். ரோடுக்கும் டிராக்குக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட பேடுகள் இருக்கின்றன. குளிரிலும் பிடிக்கும், கம்பெனி பேடைவிட அதிகச் சூடும் தாங்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போகிறவருக்கு அதுவே சரி. போலிகள் நிறையப் புழங்குவதால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள்.

பேடு மாற்றிய அன்றே நேராக டிராக்குக்குப் போகக் கூடாது. பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுக்கச் சீராகப் படிய வேண்டும். போக்குவரத்தே இல்லாத நேரான ரோட்டில், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, 80இலிருந்து 20 வரை மிதமாகப் பத்து முறை குறையுங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். உற்பத்தியாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். தொப்பூர் இறக்கத்தில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், பின்னால் வருகிற லாரியால் உங்களைப் போல நிற்க முடியாது.

இந்தப் படலம் திட்டுத்திட்டாகப் படிந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். "டிஸ்க் வளைஞ்சுடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது. உடனே லேத்தில் கொடுத்துச் சீவுவதும் தவறு. சீவச் சீவ டிஸ்க் மெலியும், சூட்டைத் தாங்கும் இரும்பு குறையும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதை நெருங்கிவிட்டால் புதியதைப் போடுங்கள். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகுதான். டிராக் சூட்டில் அந்த ஓட்டைகளிலிருந்துதான் விரிசல் கிளம்பும். தரமான சாதா டிஸ்க்கே போதும்.

அப்படியும் பெரிய பிரேக் கிட் வேண்டும் என்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: ஸ்டெப்னி. பெரிய காலிப்பர் மேல் கம்பெனி ஸ்டெப்னி பெரும்பாலும் ஏறாது. பர்கூர் தாண்டி ராத்திரி பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள்? முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன்-பின் சமநிலையும் மாறும். கம்பெனி ஏபிஎஸ் பழைய அளவுக்கு அமைத்தது. காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற ஆயில் போதாமல் பெடல் ஆழமாகப் போகும். மொத்த அமைப்பாகச் சோதித்து உங்கள் மாடலுக்கென்றே விற்கும் கிட் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நம் ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் பின்னால் டிஸ்க் இல்லை, டிரம்தான். அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. டிரம்முக்குள் உராய்ந்து பிடிக்கிற ஷூ தேய்ந்திருக்கிறதா, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டயரும் அப்படித்தான். கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர். கெட்டிப்போன ஐந்து வருட டயரோடு எந்தப் பேடு போட்டும் பிரயோசனமில்லை.

டிராக்கில் ஓட்டும்போது: லேசாக நீண்ட நேரம் பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவது தவறு. உறுதியாக, சுருக்கமாக அழுத்தி விட்டுவிடுங்கள். மூன்று நாலு வேகச் சுற்றுக்கு ஒரு மெதுவான சுற்று. பெடல் ஆழமாகப் போனால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேடு எரிகிறது. எதுவானாலும் உடனே உள்ளே வந்துவிடுங்கள். வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, பெடலையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள்.

இன்சூரன்ஸையும் படித்துவிட்டுப் போங்கள். நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைத்திருக்கின்றன. டிராக்கில் அடிபட்டால் செலவு உங்கள் கையிலிருந்து என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்.

கடைசியாக, திரும்பும் பயணம். பேடில் பாதிக்கும் குறைவாக இருந்தால் காலையில் டிராக்கில் இறங்கவே வேண்டாம், வீட்டுக்கு வரவும் பேடு வேண்டும். கிளம்பும் முன் சக்கரங்கள் நன்றாக ஆறிய பிறகு நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) சரிபாருங்கள், கார் கையேட்டில் அளவு இருக்கும். ஆயில் மட்டம் பாருங்கள். காலிப்பர் ஓரத்தில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இஞ்சினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் கசிவோ மாஸ்டர் சிலிண்டர் கோளாறோ இருக்கிறது, அங்கேயே ஆள் கூப்பிடுங்கள். இறங்காமல் நின்றால் கிளம்பலாம், கிருஷ்ணகிரி வரை நாலு மணி நேரம்.