வன்னியின் சின்ன ஆஸ்பத்திரிகளில் நேர்ஸ் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் நியமனம் கிடைத்து ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, பூநகரி, துணுக்காய் என்று இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்குள் போகிற நேர்ஸ்மாருக்காக இதை எழுதுகிறேன். பயிற்சிக் காலத்தில் நீங்கள் பார்த்தது பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு வார்ட்டில் நாலைந்து பேர் நிற்பார்கள், கூப்பிட்டால் டொக்டர் வருவார். இங்கே கிடைப்பது பெரும்பாலும் 50 கட்டிலுக்குக் குறைந்த ‘சி’ தரப் பிரதேச வைத்தியசாலை, இல்லாவிட்டால் கட்டிலே இல்லாமல் வெளிநோயாளரை மட்டும் பார்க்கிற ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு. ஓ.பி.டி. என்கிற வெளிநோயாளர் பிரிவு, டிரெஸ்ஸிங், ஊசி, கிளினிக் நாளில் பிரஷரும் சீனியும் பார்ப்பது, வார்ட் என்று எல்லாம் ஒரே ஆளின் தலையில் வந்து விழும்.

ஆள் பற்றாக்குறை உங்கள் பிழையில்லை. ஆனால் அது மேலே தெரியாதபடி மூடி வைப்பது பல நேரம் நாங்கள்தான். மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர் நின்று எப்படியோ சமாளித்து, பதிவேட்டில் வழக்கம்போல எழுதிவிட்டுப் போனால், பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் இருப்பவருக்கு அந்த ஆஸ்பத்திரி ஒழுங்காக ஓடுகிறது என்றுதான் தெரியும். பிறகு ஆள் கேட்டுப் போனால், போன வருடமும் இதே ஆட்களோடுதானே செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்குக் காட்ட எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் செய்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். செய்ய முடியாமல் போனதையும் எழுதுங்கள். ‘வேலை கூட, ஆள் காணாது’ என்று எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘இரவு 11.40க்கு நோயாளியோடு அம்புலன்ஸில் போனேன். வார்ட்டில் 9 பேர். சிற்றூழியர் ஒருவர் மட்டும் நின்றார். 2.15க்குத் திரும்பினேன். 12 மணி மருந்து இரண்டு பேருக்குப் பிந்தியது’ என்று எழுதினால் அதைத் தாண்டிப் போவது கஷ்டம். வட்ஸ்அப்பில் இன்சார்ஜுக்கு, அதாவது பொறுப்பு நேர்ஸுக்கு, புலம்புவது மனதுக்கு ஆறுதல் தரும், ஆனால் கோப்பில் ஏறாது. கடிதமாகக் கொடுங்கள், பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

இரவு டியூட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயல் வேலை தொடங்கினால் பாம்புக்கடியும் தொடங்கும். கண்ணாடி விரியன் (புடையன்) கடித்தவரின் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்போம். உறையாமல் வழிந்தால் விஷம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கேட்க லேசான வேலைதான். அந்த 20 நிமிடத்துக்குள் வாசலில் சொந்தக்காரர் பத்துப் பேர் நிற்பார்கள், போன் அடிக்கும், இழுப்போடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எடுத்த நேரம் ஞாபகத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பிளாஸ்டர் துண்டில் நேரத்தை எழுதிக் குழாயில் ஒட்டிவிடுங்கள். டொக்டர் விஷ எதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிட்டால் ஒருவர் அந்தக் கட்டிலை விட்டு அசையக் கூடாது. ஒவ்வாமை திடீரென்று வரும், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள் என்றால் மற்ற நோயாளரை யார் பார்ப்பது? இதை நடுச்சாமத்தில் யோசிக்க முடியாது. பகலிலேயே டொக்டரோடும் சிற்றூழியரோடும் இருந்து பேசி, யாரைக் கூப்பிடுவது, யார் அம்புலன்ஸில் போவது என்று முடிவெடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

ரோஸ்டரில், அதாவது டியூட்டி அட்டவணையில், நடக்கிற தவறும் உண்டு. காலை 7 முதல் 1, பகல் 1 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7 என்பது நாடு முழுக்க உள்ள வழக்கம். வன்னியின் உள் வீதிகளில் இரவு 7 மணிக்கு பஸ் இருக்காது, யானை இருக்கும். பஸ் நேரத்தைப் பார்க்காமல் ரோஸ்டர் போடுகிற இன்சார்ஜ், அந்தப் பிள்ளையை இருட்டில் ஸ்கூட்டியில் போகச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். சரி, இதற்குப் பயந்தும், யாழ்ப்பாணத்தில் இருக்கிற பிள்ளைகளிடம் இரண்டு நாள் கூடப் போய் நிற்கலாம் என்றும், பகல் 1 மணிக்குத் தொடங்கி அடுத்த நாள் காலை 7 வரை சேர்த்துச் செய்கிறவர்கள் நிறையப் பேர். தாய்மாரின் நிலைமை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் 18 மணி நேரம் விழித்திருந்தவர் விடியப்புறம் மருந்தின் அளவைக் கணக்கிடுவது நோயாளிக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. பிழை நடந்தால் விசாரணையில் உங்கள் பெயர்தான் வரும். யார் ஆள் தரவில்லை என்பதை அங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பாவித்த ஊசி தவறித் தன் கையில் குத்தினால் வெட்கப்பட்டு மறைப்பது இன்னும் நடக்கிறது. போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், பாவித்த ஊசி போடும் பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் மூடிவிடுங்கள். குத்திவிட்டால் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே அறிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. தூர ஆஸ்பத்திரியில் இருந்து போய்ச் சேரவே அரை நாள் போய்விடும் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா என்பதை வேலையில் சேரும்போதே பாருங்கள்.

தடுப்பூசி ஃபிரிட்ஜில் தயிரும் தண்ணீர்ப் போத்தலும் வைப்பதைக் கண்டால் எல்லோரும் நேர்ஸைத்தான் ஏசுவார்கள். ஏசுவது சரிதான். 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டிய பெட்டியை அடிக்கடி திறந்தால் மருந்து பழுதாகும். ஆனால் வன்னி வெயிலில் ஆறு மணி நேரம் நிற்கிறவருக்குக் குளிர் தண்ணீர் வைக்க வேறு இடம் கொடுத்தார்களா? மலசலகூடம் சரியில்லை என்று டியூட்டி முடியும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைப் பொறுத்துப் போகக் கூடாது. ஊழியருக்கென்று தனி ஃபிரிட்ஜும் பூட்டு உள்ள கழிவறையும் எழுத்தில் கேளுங்கள்.

சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. வடக்கில் நிர்வாகமும் தமிழில்தான் நடக்க வேண்டும். தமிழ்ப் பிரதி தாருங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஊரவருக்கு. மருந்து இல்லை என்றால் ஜன்னலில் நிற்கிற மிஸ்ஸிடம் கத்துவது வீண். 2022இல் நாடு முழுக்க மருந்து தட்டுப்பட்டபோதும் அடி வாங்கியது அந்த ஜன்னல்தான். வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடமும் டொக்டரும் கேட்கிறீர்கள், கேளுங்கள். அதோடு, வார்ட்டில் இருந்து நேர்ஸ்மார் தங்குகிற குவார்ட்டர்ஸ் வரைக்கும் லைட், குவார்ட்டர்ஸுக்கு நல்ல தண்ணீர், கதவுக்கு நல்ல பூட்டு என்ற மூன்றையும் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். கூட்டக் குறிப்பில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழும்புங்கள்.